எட்டுச் செலவுக்கு ஒரு சிவப்பு வைன்

1

இன்று சனிக்கிழமை. என் மனைவி யோகத்தின் திவசம் நேற்று முடிந்தது. ஐயர் வந்தார், பிண்டம் போட்டார், மரக்கறிச் சாப்பாடு, பாயாசம், எல்லாம் ஒழுங்கு. இன்று ஆட்டிறைச்சி அடுப்பில் கிடந்து கொதிக்கிறது. மேசையில் ஒரு போத்தல் சிவப்பு வைன் நிற்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "பெண்சாதியின் திவசத்துக்கு அடுத்த நாளே போத்தல் திறக்கிறான் பார்" என்று முகம் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளியுங்கள். ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுச் சுளியுங்கள். லண்டனில் இத்தனை வருடம் இருந்து நான் கேட்கிற மரியாதை அவ்வளவுதான்.

இந்த வைன் ஸ்பெயினில் லா மான்சா என்கிற வெயில் பிரதேசத்தில் இருந்து வருகிறது. கடையில் கீழ்த்தட்டில், முதுகு வளைத்து எடுக்கிற இடத்தில் இருக்கும். மேல்தட்டுப் போத்தல்களில் கோட்டை கொத்தளமெல்லாம் படம் போட்டிருக்கும். அதில் ஒன்றை ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கிப் பார்த்தோம். புளிச்சல் தண்ணீர். "கோட்டைக்குத்தான் காசு எடுத்திருக்கிறான்" என்றாள் யோகம். அதற்குப் பிறகு அவள் மேல்தட்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

2

எண்பதுகளின் நடுவில் இல்ஃபோர்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. யோகம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில். மகள் தர்சினி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, எங்களை விட வேகமாக ஆங்கிலம் கதைத்துக்கொண்டு திரிந்தாள். எங்கள் அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டனில் இருக்கிற பெரிய குடிவரவுக் கந்தோருக்குக் கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடுவோம். ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவர் திரும்பக் கேட்பார். தர்சினி மொழிபெயர்ப்பாள். "அப்பா, நீங்கள் போனமுறை வேறை மாதிரிச் சொன்னனீங்கள்" என்று அந்த அதிகாரிக்கு முன்னாலேயே தமிழில் என்னைத் திருத்துவாள். வியர்த்துக் கொட்டும்.

யோகத்தோடு வேலை செய்தவள் கார்மென் என்கிற ஸ்பெயின்காரி. இரண்டு பேரின் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனால் வாய் ஓயாது. தன் ஊரில் மழை அருமை, வெயில் கல்லைப் பிளக்கும், செம்மண், கிணறு, அதற்கு நடுவில் முந்திரிகைக் கொடி, அதாவது திராட்சைக் கொடி என்று கார்மென் சொல்லியிருக்கிறாள். யோகத்தின் தகப்பனும் ஊரில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். பந்தலின் கீழ் குனிந்து குலை வெட்டி வளர்ந்தவள் இவள். "அங்கை பந்தலே போடமாட்டினமாம்! கொடி நிலத்திலை பத்தை மாதிரிக் கிடக்குமாம். பந்தல் இல்லாமல் முந்திரிகையோ? விசர்க் கதை!" என்று வீட்டுக்கு வந்து என்னோடு சண்டைக்கு நின்றாள். நான்தான் ஸ்பெயினில் பந்தலைப் பிடுங்கினவன் மாதிரி.

ஒரு கிறிஸ்மசுக்குக் கார்மென் தன் ஊர் வைன் ஒரு போத்தல் கொடுத்தாள். அதை யோகம் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஆருக்காவது கொடுப்போம் என்றாள். ஆருக்கும் கொடுக்கவில்லை. குரோய்டனில் இருந்து 'நீங்கள் இந்த நாட்டில் இருக்கலாம்' என்று முடிவு வந்த நாள், அவள்தான் அதை வெளியே எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு இதைத் திறப்பம்."

குடிக்கத் தெரிந்தால்தானே? கோர்க்கை அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளினோம். சில்வர் பேணிகளில் விளிம்புவரை ஊற்றினோம். யோகம் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்துக்கொண்டு, கசாயம் குடிப்பதுபோல ஒரு மிடறு விழுங்கிவிட்டுப் பனங்கட்டியைக் கடித்தாள். நானும் அப்படியே. ஐயோ! இனிப்புக்குப் பக்கத்தில் அந்த வைன் வேப்பெண்ணெய். இரண்டு பேரும் தொட்டிக்கு ஓடினோம்.

போத்தலை ஊற்றிவிடலாம் என்று நான் எழும்ப, அவள் தடுத்தாள். காசு கொடுத்து வாங்கினதோ இல்லையோ, சாமானை வீணாக்குகிற சாதி அல்ல அவள். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். பிட்டும், முதல்நாள் ஆட்டுக்கறியும். கறியின் உறைப்பு நாக்கில் நிற்கும்போது அவள் பேணியை எடுத்து இன்னொரு வாய் குடித்தாள். எனக்குக் கண்ணால் காட்டினாள். நானும் குடித்தேன்.

அதை எப்படிச் சொல்ல? நாவற்பழம் தின்றால் முதலில் ஒரு தித்திப்பு, பிறகு நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. அதுதான். அதோடு கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சுட்ட மண். தொண்டையில் இறங்கும்போது கதகதவென்று ஒரு சூடு. வெளியே பனி கொட்டுகிறது, யன்னல் இடுக்கால் குளிர் ஊசி மாதிரி வருகிறது, எங்கள் வயிற்றுக்குள் நடுப்பகல் வெயில். கறிக்கு அது அஞ்சவில்லை. கறியும் அதற்கு அஞ்சவில்லை. யோகம் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெயிலுக்கை நிண்டு காய்ஞ்ச பழம். எனக்கு வாயிலை தெரியுது" என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு சனிக்கிழமை பின்னேரம் என்றால் ஆட்டுக்கறி, பிட்டு, ஆளுக்கொரு பேணி லா மான்சா. அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. அவள்தான் அளவு, அவள்தான் சட்டம். ஆனால் அந்த ஒரு பேணியை அவள் அனுபவித்த மாதிரி, பணக்காரன் எவனும் எதையும் அனுபவித்திருக்கமாட்டான்.

3

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். யோகத்தின் மூத்த தமையன் சபாரத்தினம். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வெம்பிளியில் வீடு. கோயில் நிருவாக சபையில் இருந்தவர். மச்சம் மாமிசம் விட்டுப் பல வருடம். தாய் தகப்பன் செத்தபிறகு யோகத்தைத் தூக்கி வளர்த்தவர், படிப்பித்தவர், எனக்குக் கட்டித் தந்தவர். இந்த நாட்டில் அவளுக்கு இருந்த ஒரேயொரு பிறந்தவீட்டு உறவு அவர்தான். யோகம் அந்தக் கோயிலில் தேவாரம் பாடுகிறவள். அவள் பாடும்போது அண்ணை தூணோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தன் தங்கச்சியில் ஒரு தூசி படக்கூடாது அவருக்கு.

அவர் சனிக்கிழமைப் பூசை முடிந்ததும் திருநீறு, பிரசாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருவார். ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டு வருகிற பழக்கமே இல்லை. மணி அடிக்கும். அடித்த கையோடு, "யோகம், அண்ணை வாறன்" என்று படியில் ஏறிக்கொண்டே குரல் வரும்.

அவ்வளவுதான். யோகம் பேணியைத் தூக்கி மடக்கு மடக்கென்று ஒரே மூச்சில் குடித்து முடிப்பாள். ஆறுதலாக, ஒவ்வொரு வாயாக ருசித்துக் குடிக்கிற மனுசி. போத்தல் அரிசி வாளிக்குப் பின்னால். நான் கறிச் சட்டியை மூடி யன்னலைத் திறப்பேன். தர்சினி தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவாள். சொல்லிக் கொடுக்காமலே அந்தப் பிள்ளை அதைப் பழகிவிட்டது.

ஆபத்து எங்கே என்றால், நாக்கில். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கும் உதடும் ஊதாவாகிவிடும். ஒருமுறை அண்ணை பேணியைக் கண்டுவிட்டார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"என்ன பிள்ளை குடிக்கிறாய்?"

யோகம் வாயைப் பெரிதாகத் திறக்காமல், "தடிமன் அண்ணை. மல்லிக் குடிநீர்" என்றாள்.

மல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி போட்டுக் காய்ச்சுகிற குடிநீர் என்ன நிறம் என்று அண்ணைக்குத் தெரியாதா? ஆனால் தங்கச்சி பொய் சொல்வாள் என்று ஒரு எண்ணமே அவருக்கு வராது. அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "இந்த நாட்டுக் குளிர் உனக்குச் சரிவராது" என்று கண் கலங்கினார். அடுத்த சனிக்கிழமை ஒரு பொட்டலம் குடிநீர்ச் சரக்கோடு வந்தார். அதற்குப் பிறகு ஒரு கிழமையும் தவறியதில்லை. பிரசாதம் ஒரு கையில், குடிநீர்ச் சரக்கு மற்றக் கையில்.

யோகம் அதை எறியமாட்டாள் என்று சொன்னேன்தானே. ஞாயிறு காலையில் காய்ச்சி எனக்குத் தருவாள். எனக்குத் தடிமன் வந்ததே இல்லை, வருமா பின்னே!

"அண்ணையிட்டைச் சொல்லன். கொலையே செய்தனீ?" என்று நான் எரிந்து விழுவேன்.

"அவர் தாங்கமாட்டார். நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு கிடவுங்கோ."

4

எங்கள் தெருவில் இருந்த ஒரு மனிதர் செத்து, அவருடைய எட்டுச் செலவுக்குப் போனோம். உங்களுக்குத் தெரியும், எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைத்து, விளக்கை ஏற்றி அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம். செத்தவர் வந்து சாப்பிடுவதற்கு நேரம் விட்டு, பிறகு தட்டிவிட்டுத்தான் திறப்பது. அன்றைக்கு மச்சம் மாமிசம் விலக்கில்லை. அந்த மனிதரின் இலையில் விஸ்கிப் போத்தல் திறந்தபடி நின்றது. பக்கத்தில் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அண்ணையும் வந்திருந்தார். இறைச்சி மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அவரே விளக்கைக் கொளுத்தினார். "வழக்கம் வழக்கம்தான். விருப்பப்பட்டதை வையாட்டில் ஆன்மா அலைஞ்சு திரியும்" என்று எல்லாருக்கும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோகம் கேட்டாள்.

"ஆம்பிளையளுக்குப் போத்தில். நான் செத்தால் எனக்கு என்ன வைப்பியள்?"

"சும்மா இரும். கண்டறியாத கதை."

"என்ரை போத்திலை வைக்கிறியள். சொல்லுங்கோ, வைக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

முன் இருக்கையில் ஒரு தமிழ்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவளின் வாயை மூடவைக்க, "ஓம், ஓம், வைக்கிறன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

5

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு காலையில் வேலைக்குப் போனவள் ஆஸ்பத்திரிச் சமையலறையிலேயே விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. கட்டிலுக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. கார்மென்தான் ரெலிபோனில் அழுதாள். எனக்கு அவள் ஆங்கிலம் விளங்கவில்லை, அழுகை விளங்கியது.

அதை எழுத எனக்கு இன்றைக்கும் மனமில்லை. எட்டுச் செலவுக்கு வருகிறேன்.

அன்று பின்னேரம் வீடு நிறைந்த சனம். பக்கத்துத் தெருப் பாக்கியமக்கா சமையலைப் பொறுப்பெடுத்து நடத்தினார். பிட்டு, ஆட்டுக்கறி, நண்டு, கத்தரிக்காய்ப் பொரியல். தர்சினி கடையில் போய், அம்மாவுக்குப் பிடித்த சிப்ஸ் வினாகிரி போட்டு வாங்கி வந்தாள். அதையும் இலையில் வைக்கச் சொல்லி அண்ணை தலையாட்டினார். அவர் விடியற்காலையே வந்துவிட்டார். கோட் கழற்றாமலே குசினிக்குள் போய், தானே அடுப்பை மூட்டி, தானே கொண்டுவந்த சரக்கைப் போட்டுக் குடிநீர் காய்ச்சினார். அழுதுகொண்டே காய்ச்சினார்.

"என்ரை தங்கச்சி சனிக்கிழமை சனிக்கிழமை இதைத்தானே ஆசையாய்க் குடிச்சவள்" என்று பாக்கியமக்காவுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. யோகத்தின் அந்தச் சில்வர் பேணியிலேயே ஊற்றி, இலையின் வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

நான் படுக்கையறையில் நின்றேன். அலுமாரிக்குள், என் குளிர்க் கோட்டுக்குள் சுற்றி, லா மான்சா ஒன்று. முதல்நாள் வாங்கி வைத்தது. தர்சினி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, ஆர் யூ டூயிங் இற் ஓர் நொட்?"

"மாமா கோவிச்சுக்கொண்டு போயிடுவார் பிள்ளை. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. அம்மாவைக் குடிகாரி எண்டு கதைப்பினம்."

"அம்மாவுக்கு அந்தக் குடிநீர் துண்டாப் பிடிக்காது. லாஸ்ட் மீல், அப்பா. அதிலையும் பொய்யோ?"

பதினைந்து வயது. தமிழ் அரைகுறை. என் நெஞ்சில் ஏறி மிதித்துவிட்டு நின்றாள். வைத்தால் யோகத்தின் பெயர் கெடும், இருந்த ஒரே சொந்தமும் போகும். வைக்காவிட்டால், என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரேயொரு சாமான் அது. வருடக்கணக்காக ஒளித்து ஒளித்து விழுங்கினவள், செத்தபிறகும் ஒளிக்கவேண்டுமா? எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கதவடியில் நின்ற சனம் விலகியது. நான் போய் இலையின் இடப்பக்கத்தில் போத்தலை வைத்தேன். யாரோ ஒரு பெண் "அட கடவுளே" என்றாள். விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்த அண்ணை நிமிர்ந்தார்.

"இதென்ன தம்பி?"

"வைன் அண்ணை."

"ஆருக்கு?"

"யோகத்துக்கு."

அவர் முகம் கறுத்துப்போனது. "நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ?"

"ஓம் அண்ணை. அவவுக்கு விருப்பம். சனிக்கிழமையிலை ஒரு பேணி."

"நீயோ பழக்கினனீ?" நீர் நீயாகிவிட்டது. அவர் ஓரடி முன்னால் வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லை. அவதான் என்னைப் பழக்கினவ."

"தேவாரம் பாடின வாய்! என்ரை தங்கச்சியின்ரை வாய்!"

"அந்த வாய்தான் அண்ணை. ரெண்டும் அந்த வாய்தான்."

பாக்கியமக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, எடுத்துக்கொண்டு போம். பிறகு கதைக்கலாம்." நான் அசையவில்லை. அண்ணை குனிந்து தான் வைத்த பேணியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அண்டைக்கு... குடிநீர் எண்டாளே?"

"அது இதுதான்."

"நான் கொண்டுவந்ததெல்லாம்?"

"அவ்வளவும் நான்தான் குடிச்சன் அண்ணை."

பின்னால் யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அண்ணைக்கு வரவில்லை. அவர் நிலத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஏன் எனக்கு ஒளிச்சவள்? நான் என்ன பேயே, பிசாசே? அவளைத் தோளிலை தூக்கி வளர்த்தனான். எனக்குச் சொல்லப் பயமோ அவளுக்கு?"

இதற்கு நல்ல பொய் ஒன்று என் வாய்வரை வந்தது. வாசலில் தர்சினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயம்தான் அண்ணை. நீங்கள் மணி அடிச்சால் மடக்கு மடக்கெண்டு ஒரே மூச்சிலை குடிச்சு முடிச்சிடுவா. ஆறுதலாய்க் குடிக்கத்தான் அவவுக்கு ஆசை."

விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. எழும்பி வாசலால் போகப்போகிறார், வெம்பிளிக்கும் இல்ஃபோர்டுக்கும் இனிப் பாதை இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அண்ணை எழும்பினார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"மூடினபடி வைச்சால் அவள் எப்பிடியடா குடிக்கிறது?"

கோர்க்கைத் திருகி இழுக்கிற கம்பியை யோகம் எங்கே ஒளித்து வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. எப்போதும் அவள்தான் திறப்பாள். தர்சினி குசினிக்குப் போனாள். மேல்தட்டில் இருந்த முறுக்கு உரலை இறக்கி, அதற்குள் கைவிட்டு, கம்பியை எடுத்துவந்து மாமாவின் கையில் கொடுத்தாள்.

வாழ்நாளில் போத்தல் திறக்காத மனிதர். கோர்க் பாதியில் உடைந்தது. மிச்சத்தை நான் பிடுங்கினேன். அவர் பேணியில் இருந்த குடிநீரைத் தொட்டியில் ஊற்றி, பேணியைக் கழுவி, துடைத்து, விளிம்புவரை வைனை ஊற்றினார். இலையின் வலப்பக்கம் வைத்தார். எல்லாரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார்.

நின்றோம். கொஞ்ச நேரம் போனதும் பாக்கியமக்கா, "காணும் தம்பி, தட்டித் திறவும். சனம் சாப்பிட வேணும்" என்றார். நான் கையை உயர்த்தினேன்.

அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறும். நான் நிக்கிறன் எண்டு தெரிஞ்சால் அவசரப்படுவாள். ஆறுதலாய்க் குடிக்கட்டும்" என்றார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் இருந்து மெல்ல விலகி, அந்தக் கிழவர், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கித் தெருவுக்குப் போனார்.